இ20 பெட்ரோல் காலத்தில் பழைய கார் எஞ்சினைப் பிரிக்கப் போகிறீர்களா? எந்த ஆயில், எந்த கேஸ்கெட், எந்த ரசாயனம்?

வீட்டு வாசலில் ஒரு பழைய மாருதி 800. அல்லது தாத்தா காலத்து அம்பாசடர். விற்கவும் மனசு வரவில்லை, ஓட்டவும் முடியவில்லை. விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கம் இப்படி ஒரு வண்டி நிற்காத தெரு குறைவு. "எஞ்சினை இறக்கி ஒரு தடவை வேலை பார்த்துட்டா இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்று மெக்கானிக் சொல்லியிருப்பார். அதே நேரம், "இ20 பெட்ரோல் ஊத்தினா பழைய எஞ்சின் காலி" என்று வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பியிருப்பார்கள்.

இரண்டில் எது சரி? எஞ்சினைப் பிரித்தால் எந்தப் பொருளை வாங்க வேண்டும், எதைத் தொடவே கூடாது? பார்ப்போம்.

முதலில், என்ன நடந்தது?

2018-ல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலக்க 2030 வரை அவகாசம் வைத்திருந்தது. 2022-ல் அந்த இலக்கு 2025-26-க்கு முன்னால் இழுக்கப்பட்டது. 2023 பிப்ரவரி 6-ம் தேதி பெங்களூருவில் பிரதமர் இ20 பெட்ரோலை அறிமுகம் செய்தபோது, 11 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் 84 பங்க்குகளில்தான் அது கிடைத்தது. 2025-க்குள் நாடு முழுக்க அதுவே சாதா பெட்ரோல் ஆகிவிட்டது.

பழைய வண்டிக்காரர்கள் கேள்வி எழுப்பியதும், 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் விளக்கம் கொடுத்தது. எஞ்சின் பாழாகும் என்ற பயம் ஆதாரமற்றது என்றது. கூடவே, சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கி.மீ ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம், அதற்குச் செலவு குறைவுதான் என்றும் சொன்னது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும், பங்க்கில் எத்தனால் அளவை எழுதி வைக்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இடையில் இன்னொரு செய்தி. 20 வருடத்துக்கு மேலான காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆனது. ஆறுதலாக ஒன்று: செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்கள் அனைத்துக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம். அதுவரை பல பாகங்களுக்கு 28 சதவீதம் இருந்தது.

ஆக, பழைய காரை வைத்துக்கொள்ள ஆகும் செலவு ஒரு பக்கம் ஏறுகிறது, ஒரு பக்கம் இறங்குகிறது. எஞ்சின் வேலை பார்ப்பதா வேண்டாமா என்ற முடிவை இந்தச் சூழலில்தான் எடுக்க வேண்டும்.

எத்தனால் பழைய எஞ்சினில் என்ன செய்யும்?

நான்கு வேலை செய்யும்.

ஒன்று, மைலேஜ். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். 20 சதவீதம் கலந்தால் சுமார் 6 முதல் 7 சதவீத சக்தி குறையும். நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையும், கலப்பில்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து இ10-க்கு ட்யூன் செய்த கார்களுக்கு இதே 6-7 சதவீதத்தைத்தான் சொல்கிறது. லிட்டருக்கு 15 கி.மீ கொடுத்த வண்டி 14 கி.மீ கொடுக்கும். எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம் என்பது உண்மை. ஆனால் அந்த ஆக்டேனைப் பயன்படுத்திக்கொள்ள எஞ்சினில் கம்ப்ரஷன் அதிகமாக இருக்க வேண்டும். அம்பாசடருக்கு அந்த லாபம் கிடைக்காது.

இரண்டு, ரப்பர். பழைய பெட்ரோல் ஹோஸ், பம்ப்பின் டயாஃப்ரம், கார்புரேட்டர் வாஷர், கார்க் கேஸ்கெட் எல்லாம் எத்தனாலை நினைத்துச் செய்தவை அல்ல. சில ஊறும், சில இறுகும், சில வெடிக்கும். புதிய வண்டிகளில் ஃபுளோரோ ரப்பர் பயன்படுகிறது. கடைகளில் 'வைட்டான்' என்று கேட்டால் தெரியும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்கள் இ20-ஐத் தாங்கும் பொருட்களில் செய்யப்பட்டவை.

மூன்று, தண்ணீர். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓடும் வண்டியில் இது பிரச்சனை இல்லை. மாசக்கணக்கில் நிற்கும் வண்டியில்தான் சிக்கல். ஈரம் ஒரு அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும். டேங்க் துரு பிடிக்கும், கார்புரேட்டர் அரிக்கும்.

நான்கு, காற்று-பெட்ரோல் விகிதம். சாதா பெட்ரோல் முழுசாக எரிய, எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். இ20-க்கு ஏறக்குறைய 13.5 போதும். சென்சார் உள்ள எம்.பி.எஃப்.ஐ எஞ்சின் இதைத் தானாகச் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த மூளை கிடையாது. பழைய ஜெட்டிலேயே ஓடினால் கலவை லீனாகி, எஞ்சின் சூடாகும். கத்திரி வெயிலில் அருப்புக்கோட்டை ரோட்டில் ஏறினால் அது தெரிந்துவிடும்.

இப்படி நடப்பது இது முதல் முறை இல்லை

2000 பிப்ரவரி 1 முதல் இந்தியா முழுக்க ஈயம் கலக்காத பெட்ரோல் மட்டும்தான் என்று ஆனது. ஈயம் விஷம், போனது நல்லதுதான். ஆனால் பழைய எஞ்சின்களில் அந்த ஈயம் வால்வும் வால்வு சீட்டும் மோதும் இடத்தில் ஒரு மெத்தை மாதிரி இருந்தது. அது இல்லாமல் போனதும், வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே சீட் வெட்டியிருந்த எஞ்சின்களில் சீட் மெதுவாகத் தேய்ந்து உள்ளே இறங்க வாய்ப்பு உண்டாயிற்று. தீர்வு, கடினப்படுத்திய தனி சீட்டை லேத்தில் அடித்து ஏற்றுவது.

உங்கள் தாத்தா காலத்து அம்பாசடரின் ஹெட் 2000-க்குப் பிறகு ஒருமுறைகூடத் திறக்கப்படவில்லை என்றால், எத்தனால் பற்றிக் கேட்கும் முன் மெக்கானிக்கிடம் இதைக் கேளுங்கள்.

அப்படியானால் எல்லோரும் எஞ்சினைப் பிரிக்க வேண்டுமா?

வேண்டாம். இ20 வந்தது மட்டும் எஞ்சினைப் பிரிக்கக் காரணம் ஆகாது. மேலே சொன்னதில் பெரும்பகுதி டேங்க்கில் தொடங்கி கார்புரேட்டரில் முடியும் பாதை. ஹோஸ், டயாஃப்ரம், ஃபில்டர், கார்புரேட்டர் கிட், தேவைப்பட்டால் ஒரு சைஸ் பெரிய ஜெட். எஞ்சினைத் தொடாமலேயே முடியும் வேலை. ஒரு எச்சரிக்கை: எத்தனால் டேங்க்கில் பல வருடம் படிந்த அழுக்கைக் கரைத்துக் கொண்டு வரும். மாற்றிய ஃபில்டரை ஆயிரம் கி.மீ-க்குள் இன்னொரு முறை பாருங்கள்.

எஞ்சின் வேலை எப்போது? புகையைப் பாருங்கள். நீலப் புகை என்றால் வண்டி ஆயில் குடிக்கிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. கரும்புகை என்றால் பெட்ரோல் அதிகம். அது கார்புரேட்டர் வேலை, எஞ்சின் வேலை இல்லை.

அடுத்து கம்ப்ரஷன் டெஸ்ட். ஒரு சிலிண்டரில் அளவு குறைவாக இருந்தால், அதற்குள் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அளவு ஏறினால் ரிங், போர் தேய்மானம். ஏறவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். முதலாவது பெரிய செலவு, இரண்டாவது ஹெட்டை மட்டும் கழற்றினால் முடியும். இந்த டெஸ்ட் எடுக்காமல் "இறக்கிடலாம்" என்று சொன்னால், எடுத்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை.

கழுவுவது எதில்?

பிரித்த எஞ்சினில் முதல் ரசாயனம் கழுவும் திரவம். பெரும்பாலான ஒர்க்‌ஷாப்பில் ஒரு டிரேயில் பெட்ரோல், ஒரு பெயின்ட் பிரஷ், ஒரு மூட்டை பனியன் வேஸ்ட். கழுவுவது யார்? புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன், வெறும் கையால்.

பெட்ரோல் இங்கே இரண்டு விதத்தில் தப்பான தேர்வு. அதன் ஃபிளாஷ் பாயின்ட், அதாவது தீப்பொறி பட்டால் ஆவி பற்றும் வெப்பநிலை, பூஜ்ஜியத்துக்கும் 40 டிகிரி செல்சியஸ் கீழே. எந்த நாளிலும், எந்த நேரத்திலும் பற்றத் தயார். ஆவி காற்றை விட கனம் என்பதால் தரையோடு ஊர்ந்து பத்தடி தள்ளியிருக்கும் வெல்டிங் வரை போகும். இரண்டாவது, பெட்ரோலில் பென்சீன் உண்டு. பிஎஸ்-6 விதி அதை 1 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தினாலும், பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள். மூச்சு வழியாகவும் போகும், தோல் வழியாகவும் போகும்.

மண்ணெண்ணெய், டீசல் இரண்டின் ஃபிளாஷ் பாயின்ட்டும் குறைந்தது 35 டிகிரி. பெட்ரோலோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். ஆனால் விருதுநகரில் மே மாதம் நிழலிலேயே அந்த வெப்பம் தாண்டும் என்பதை மறக்கக் கூடாது. நல்ல தேர்வு, தண்ணீரில் கரையும் டீகிரீஸர். முதலில் சுரண்டி எடுத்து, டீகிரீஸரில் ஊறவைத்து, கடைசியில் தேவைப்பட்டால் மட்டும் கொஞ்சம் மண்ணெண்ணெய்.

காஸ்டிக் சோடா? வார்ப்பிரும்பு பிளாக்குக்கு, அனுபவம் உள்ள பட்டறையில், சரி. அலுமினியத்துக்குக் கூடவே கூடாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைக்கும். கரைக்கும்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பும். அலுமினிய ஹெட், பிஸ்டன், கார்புரேட்டர் எதையும் அந்தத் தொட்டியில் போட்டால் பாகமும் போகும், பக்கத்தில் தீ இருந்தால் வேறு விபரீதமும் ஆகும். லேத் பட்டறையில் ஹெட்டைக் கொடுக்கும்போதே "இது அலுமினியம்ணே, காஸ்டிக்ல போட்ராதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

ஸ்பிரே பிரேக் கிளீனரில் குளோரின் கலந்த வகை உண்டு. சீக்கிரம் காயும், தீப்பிடிக்காது. ஆனால் அது காயாத பாகத்தில் வெல்டிங் வைத்தால் ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும். லேபிளில் குளோரோ என்று தொடங்கும் அல்லது முடியும் பெயர் இருந்தால் வெல்டிங் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

போர் அடித்து ஹானிங் செய்த சிலிண்டருக்கு ஒரு தனி விதி. பெட்ரோலோ மண்ணெண்ணெயோ போட்டுத் துடைத்தால் பளபளப்பாகத் தெரியும். ஆனால் கல்லின் துகள் கோடுகளுக்குள் உட்கார்ந்திருக்கும். சுடுதண்ணீரும் சோப்பும் போட்டு பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பிறகு எஞ்சின் ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி வெள்ளையாகவே வரும்வரை வேலை முடியவில்லை. புது ரிங் போட்டும் சில மாதத்தில் மறுபடி புகை தள்ளும் எஞ்சின்களில் இந்தச் சோப்புத் தண்ணீர் விடுபட்டிருக்க வாய்ப்பு உண்டு. வால்வுக்குப் போடும் கிரைண்டிங் பேஸ்ட்டுக்கும் இதே கதைதான்.

கேஸ்கெட்டும் பசையும்

பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது கவனம். பழைய ஹெட் கேஸ்கெட், எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காய்ந்தபடி வயர் பிரஷ் போட்டால் தூள் பறந்து நுரையீரலுக்குப் போகும். நனைத்து, பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால், மாஸ்க் போட்டு எடுக்க வேண்டும். ஏர் அடித்து ஊதக் கூடாது. புதிதாக வாங்கும்போது 'ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது' என்று பாக்கெட்டில் இருக்கிறதா பாருங்கள்.

பழைய மெக்கானிக்குகளுக்குப் பிடித்தது கேஸ்கெட் செலாக். அரக்கிலிருந்து வருவது. இங்கேதான் இ20 நேரடியாகக் குறுக்கே வருகிறது. தச்சர்கள் பாலிஷுக்கு அரக்கை எதில் கரைப்பார்கள்? ஸ்பிரிட்டில். அதாவது ஆல்கஹாலில். எத்தனாலும் ஆல்கஹால்தான். பெட்ரோல் பம்ப், கார்புரேட்டர், டேங்க் யூனிட் போன்ற பெட்ரோல் படும் இடங்களில் செலாக் போட்டால், சாதா பெட்ரோலில் முப்பது வருடம் நின்றது இ20-ல் நிற்காது. கசியும். கசியும் இடத்துக்குக் கீழேதான் சூடான எக்ஸாஸ்ட் இருக்கிறது.

சிலிகான் பசையும் பெட்ரோலுக்கு ஆகாது. அது ஆயில் சம்ப், டாப்பெட் கவர், வாட்டர் பம்ப் போன்ற இடங்களுக்கு. டியூபைத் திறந்ததும் வினிகர் வாசம் வந்தால் அது அசிட்டிக் வகை. காயும்போது வெளிவரும் அமிலம் உலோகத்தை அரிக்கும், சென்சாருக்கும் கெடுதல். 'சென்சார் சேஃப்' அல்லது நியூட்ரல் என்று எழுதியதை வாங்குங்கள். மெல்லிய ஒரு கோடு போதும். தாராளமாகப் போட்டால் உள்பக்கம் பிதுங்கி, அறுந்து, ஆயில் ஸ்ட்ரெய்னரை அடைக்கும். எஞ்சினைக் கொல்ல அது ஒன்றே போதும். போட்டவுடன் ஆயில் ஊற்றாமல், டியூபில் சொன்ன நேரம் காய விடுங்கள்.

போல்ட் கழலாமல் இருக்கப் போடும் திரவத்தில் நீலம் சாதாரண சாவியில் கழலும். சிவப்பைக் கழற்றச் சூடு காட்ட வேண்டும். ஹெட் போல்ட்டில் இரண்டும் வேண்டாம். மேனுவல் எண்ணெய் தொடச் சொன்னால் எண்ணெய், காய்ந்தபடி என்றால் காய்ந்தபடி. மரையில் எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து ஒரே டார்க் அளவில் போல்ட் இழுபடும் வலு மாறும்.

எந்த ஆயில் ஊத்தலாம்?

"விலை அதிகமா இருக்குற சிந்தெடிக் ஊத்துங்க" என்பது தான் கடையில் கிடைக்கும் பதில். பழைய எஞ்சினுக்கு அது சரியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

அம்பாசடரின் பழைய 1,489 சிசி எஞ்சின், பத்மினியின் 1,089 சிசி எஞ்சின் இரண்டிலும் கேம் ஷாஃப்ட் தட்டையான டாப்பெட் மேல் உரசிக்கொண்டு ஓடும். அங்கே உலோகத்தைக் காப்பது ஆயிலில் கலக்கும் துத்தநாகம்-பாஸ்பரஸ் சேர்மம், சுருக்கமாக இசட்டிடிபி. இந்த பாஸ்பரஸ் புதிய கார்களின் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால், ஏபிஐ எஸ்.எம் தரம் வந்த 2004 முதல், 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களில் பாஸ்பரஸுக்கு 0.08 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 போன்ற கெட்டி கிரேடுகளுக்கு அந்த வரம்பு இல்லை.

ஆகவே பழைய எஞ்சினுக்கு மேனுவல் சொல்லும் கெட்டி கிரேடுதான் நல்லது. குளிரில் சீக்கிரம் ஓடும் மெல்லிய ஆயில் ஸ்ரீநகருக்குத் தேவை. மார்கழியிலும் வேர்க்கும் விருதுநகருக்குத் தேவையில்லை.

எஞ்சினைப் பூட்டும்போது கேம், டாப்பெட்டில் மாலிப்டினம் கலந்த அசெம்பிளி பேஸ்ட், பேரிங்கிலும் சிலிண்டரிலும் சுத்தமான எஞ்சின் ஆயில். முதல் ஸ்டார்ட்டில் ஆயில் மேலே ஏறும் சில நொடிகளை இந்தப் பூச்சுதான் தாங்குகிறது. ரன்னிங்-இன் சமயத்தில் சாதா மினரல் ஆயில் போதும். முதல் ஐந்நூறு முதல் ஆயிரம் கி.மீ-க்குள் அதை வடித்து, ஃபில்டரோடு மாற்றிவிடுங்கள். அந்த ஆயிலில்தான் புது ரிங்கின் தேய்மானத் தூள் முழுக்க இருக்கும்.

லூஸ் ஆயில் வாங்கவே வேண்டாம். சீல் உடையாத டப்பா, தயாரிப்புத் தேதி, பில் மூன்றும் இருக்க வேண்டும். காலி டப்பாவை எடைக்குப் போடும் முன் லேபிளைக் கிழித்துவிடுங்கள். அதே டப்பாவில் வேறு எதுவும் அடைபட்டு வராமல் இருக்கும்.

கூலன்ட்: நம்ம ஊர் தண்ணீர் வேண்டாம்

நம்ம பக்கம் போர்வெல் தண்ணீர் உப்பு. பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவது எஞ்சினுக்குள்ளும் படியும். படிந்தால் சூடு வெளியேறாது, ஹெட் வளையும், புது கேஸ்கெட் போகும். பச்சை நிறமோ சிவப்பு நிறமோ, நிறத்தைப் பார்த்து கூலன்ட் வாங்காதீர்கள்; வகையைப் பாருங்கள், இரண்டு வகையைக் கலக்காதீர்கள். கலக்க வேண்டிய தண்ணீர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்.

கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிக்கும், ஆனால் கொடிய விஷம். வடித்த கூலன்ட்டைத் திறந்த டிரேயில் வைத்தால் தெருநாயும் குடிக்கும், குழந்தையும் கை வைக்கும்.

சிவகாசியிடம் கற்க வேண்டியது

தப்பான ரசாயனம் என்ன செய்யும் என்பதை இந்த மாவட்டத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பேரியம் உப்பு கலந்த பட்டாசுக்கு உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை போட்ட பிறகு, ஒரு ரசாயனத்தை மாற்றினால் ஒரு தொழிலே எப்படிக் குலுங்கும் என்பதையும் இந்த ஊர் பார்த்துவிட்டது.

பட்டாசு அறையில் விதிகள் எளிமையானவை. ஒரு அறையில் ஒரு வேலை. கையில் தேவையான அளவு மட்டும் சரக்கு. தீப்பொறி தரும் இரும்புக் கருவி கூடாது. உடம்பில் சேரும் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு உள்ளே போக வேண்டும். பெட்ரோல் திறந்திருக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் இதே நான்கும் பொருந்தும். டேங்க் வடிக்கும் இடத்தில் வெல்டிங் கூடாது, பேட்டரி வயரை முதலில் கழற்ற வேண்டும், நனைந்த பனியன் வேஸ்ட்டை மூடியுள்ள இரும்பு டின்னில் போட வேண்டும், தண்ணீர் வாளிக்குப் பதில் மணல் வாளியும் பவுடர் அணைப்பானும் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. பெட்ரோலியச் சட்டம் 1934-ன்படி விற்பனைக்கு இல்லாமல் லைசென்ஸின்றி வைத்திருக்கக்கூடிய பெட்ரோல் மொத்தம் 30 லிட்டர்தான். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் நிற்கும் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விடும் முன் யோசியுங்கள்.

இந்த ஊருக்கு மட்டும் ஒரு கூடுதல் எச்சரிக்கை. பட்டாசு ஆலையிலிருந்து வந்த பழைய டப்பா, சாக்கு எதையும் ஆயில் வடிக்கவோ துடைக்கவோ எடுக்காதீர்கள். நைட்ரேட் உப்புகள் ஆக்ஸிஜனைக் கொடுத்து எரியவைப்பவை. அதன் மிச்சம் ஒட்டிய சாக்கில் எண்ணெய் பட்டால், நீங்கள் வைத்திருப்பது துடைக்கும் துணி இல்லை.

வடித்த ஆயில் எங்கே போகும்?

பழைய எஞ்சின் ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு. அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு ஆயில் தயாரிப்பாளர்களுக்கும் இறக்குமதியாளர்களுக்கும் உண்டு என்ற விதி 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஓடையில் விடுவது, கரையானுக்கு மரத்தில் பூசுவது, குப்பையோடு எரிப்பது எல்லாம் வழக்கமாக நடப்பவை, எல்லாமே தப்பு. மூடிய கேனில் சேர்த்து, பதிவு பெற்ற சேகரிப்பாளருக்குக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பைத் தேர்ந்தெடுங்கள். கையில் பட்டால் பெட்ரோலில் கழுவாமல், தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு சோப்பு போடுங்கள்.

கடைசியில், செலவு யாருக்கு?

சின்ன பெட்ரோல் கார்களின் ஜிஎஸ்டியும் 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. ஆகவே எஞ்சின் வேலைக்கு ஒரு கொட்டேஷன் வாங்கி, அதோடு பதிவுக் கட்டணம், ரப்பர் பாகங்கள், டயர், டிங்கரிங் எல்லாம் கூட்டி, அந்தத் தொகையை ஒரு நல்ல செகண்ட்ஸ் காரின் விலையோடு வைத்துப் பாருங்கள். மாருதி 800-ம் அம்பாசடரும் 2014-லேயே உற்பத்தி நின்றவை. 800-க்கு ஸ்பேர்ஸ் சுலபம். பழைய அம்பாசடருக்கு ஓவர்சைஸ் பிஸ்டன் கையில் வந்த பிறகுதான் போர் அடிக்கக் கொடுக்க வேண்டும். முதலில் போர் அடித்துவிட்டுப் பிஸ்டன் தேடி அலைந்தவர்கள் நிறையப் பேர்.

இன்னொரு கணக்கு அரசின் பக்கம் இருக்கிறது. ரப்பர் பாகத்தை மாற்றும் செலவு குறைவுதான் என்று அமைச்சகம் சொல்வது, பாகத்தின் விலையை மட்டும் பார்த்தால் சரி. எந்த வண்டியில் எந்தப் பாகம், எந்த ரப்பர், எந்தப் பசை என்பதை அந்த விளக்கம் சொல்லவில்லை. அதைக் கண்டுபிடிக்கும் வேலை சிவகாசியில் ஒரு தகரக் கொட்டகைக்குக் கீழே நிற்கும் மெக்கானிக்கின் தலையில் விழுகிறது. அவர் கற்றுக்கொண்ட காலத்தில் செலாக் சரியான பதில். எரிபொருள் மாறிவிட்டது, அவருக்கு யாரும் சொல்லவில்லை. எண்ணெய் நிறுவனங்களும் கார் நிறுவனங்களும் சேர்ந்து மாடல் வாரியாக ஒரு பக்கத் தமிழ்ப் பட்டியல் போட்டு ஸ்பேர்ஸ் கடைகளில் ஒட்டினாலே பாதிப் பிரச்சனை தீரும்.

அதுவரை பட்டியலை நீங்கள்தான் எழுத வேண்டும். வண்டியை விடும்போது வேலைச் சீட்டில் இவ்வளவு இருக்கட்டும்: கம்ப்ரஷன் அளவு, ஹெட் அலுமினியமா வார்ப்பிரும்பா, பெட்ரோல் ஹோஸ் எத்தனால் தாங்குமா, எந்த கிரேடு ஆயில், எந்தப் பசை, கூலன்ட் எந்த வகை. மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். கழுவும் தம்பிக்கு ஒரு ஜோடி நைட்ரைல் கையுறையும் வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள். மொத்த பில்லில் அது ஒரு டீ செலவு.